ரீஃபண்டுக்கு எதற்கு ரிவைஸ்டு ரிட்டர்ன்?

ஆகஸ்ட் பிறந்தால் என் அலுவலகப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பல்லவியோடு வருகிறார்கள். "அக்கவுண்ட் நம்பர் தப்பாயிடுச்சு சார், ஒரு ரிவைஸ்டு போட்டுக் கொடுத்துடுங்க." யார் சொன்னது என்று கேட்டால் மச்சினர் சொன்னார், ஆபீஸில் கூட இருப்பவர் சொன்னார், பிரவுசிங் சென்டரில் சொன்னார்கள். இருபது வருஷமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். (ஆடிட்டர் இல்லை. எங்கள் ஊரில் ரிட்டர்ன் போடுகிற எல்லோருக்கும் ஆடிட்டர் என்றுதான் பெயர்.) மச்சினருக்கு இருக்கிற மரியாதை எனக்கு இன்னும் கிடைத்தபாடில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம்பிக்கை: ரிட்டர்னில் வங்கிக் கணக்கு தப்பாகிவிட்டால், ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட் வரும்.

உண்மை: வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ரிவைஸ்டு ரிட்டர்ன் என்பது வருமானத்தையோ கழிவையோ வரியையோ தப்பாகக் காட்டியவர்களுக்கு. அதைப் போட்ட நிமிஷமே பழைய ரிட்டர்ன் ஒதுங்கி, புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை முப்பது நாளுக்குள் வெரிஃபை செய்ய வேண்டும். ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கிற பெங்களூரு மையத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கணக்கு எண்ணை மாற்றுவதற்கு இவ்வளவும் எதற்கு? பூட்டுக்குச் சாவி மாற்றச் சொன்னால் வீட்டையே இடித்துக் கட்டுகிற கதை.

இடிக்கும்போது என்னென்ன விழும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரே சாட்சி. வங்கி டெபாசிட் வட்டியில் பிடித்த வரியில் அவருக்கு 11,200 ரூபாய் திரும்பி வர வேண்டியிருந்தது. ரிட்டர்னில் காட்டிய கணக்கை அவர் ஏற்கெனவே மூடியிருந்தார். போன வருஷ விவரம் அப்படியே வந்து விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. ரீஃபண்ட் ஃபெயில். பிரவுசிங் சென்டரில் புதுக் கணக்கு எண்ணோடு ரிவைஸ்டு போட்டார்கள். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து டைப் செய்த பையன், மூத்த குடிமக்களுக்கு டெபாசிட் வட்டியில் கிடைக்கிற 50,000 ரூபாய்க் கழிவைப் போட மறந்துவிட்டான். இருபது சதவீத வரம்பில் இருந்தவர். 50,000-க்கு வரி 10,000, அதன்மேல் செஸ் 400. பாக்கி 800 ரூபாய் புதுக் கணக்கில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. "அக்கவுண்ட் சரியாயிடுச்சு தம்பி, பணம்தான் குறைஞ்சுபோச்சு" என்று வந்து நின்றார். ரிவைஸ்டு போட அப்போதிருந்த கெடுவான டிசம்பர் 31-க்கு முன்னால் வந்ததால் பிழைத்தார்.

செய்ய வேண்டியது என்ன? 2019 மார்ச் 1 முதல் ரீஃபண்ட் மின்னணு வழியில்தான் வருகிறது. அதுவும் பான் இணைத்த, முன்கூட்டியே சரிபார்த்த கணக்குக்கு மட்டும். ஸ்டேட் பாங்க் செக் தபாலில் வந்து, வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போன காலம் மலையேறிவிட்டது. இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து, மை புரொஃபைலில் மை பேங்க் அக்கவுண்ட் பகுதிக்குப் போங்கள். புதுக் கணக்கின் எண், வகை, ஐஎஃப்எஸ்சி கொடுத்தால், அது உங்கள் பானோடும் பெயரோடும் பொருந்துகிறதா என்று வங்கியிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். 'வேலிடேட்டட்' என்று வந்ததும் ரீஃபண்டுக்கு அந்தக் கணக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு சர்வீசஸ் பகுதியில் ரீஃபண்ட் ரீஇஷ்யூ. எந்த வருஷத்து ரீஃபண்ட், எந்தக் கணக்குக்கு என்று காட்டி, ஆதார் ஓடிபி போட்டால் முடிந்தது. காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அரசாங்கத்துக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. நான் வாங்குவேன், அது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த ரீஇஷ்யூ கதவு, ரீஃபண்ட் ஒருமுறை போய்த் திரும்பிய பிறகுதான் திறக்கும். ரிட்டர்ன் போட்ட மறுநாளே தப்பைக் கண்டுபிடித்துப் பதறுகிறவர்களுக்கு என் பதில்: புதுக் கணக்கைச் சேர்த்துச் சரிபார்த்து வையுங்கள், பிறகு சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நம்மவர்களால் முடிவதில்லை.

"சும்மா இருந்தா பணம் வேற யாருக்காவது போயிடாதா?" போகாது. கணக்கு உங்கள் பானோடு பொருந்த வேண்டும் என்ற விதி பிறகு எதற்கு இருக்கிறது? பொருந்தாவிட்டால் பணம் துறைக்கே திரும்பும்.

"மனைவி அக்கவுண்ட்டைக் கொடுத்துடலாமே?" ரீஃபண்ட் உங்களுடையது, பான் உங்களுடையது. கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும்.

"ரெக்டிஃபிகேஷன் போட்டா?" அது ரிட்டர்னைப் பரிசீலித்ததில் தெரிகிற பிழையைத் திருத்த. வங்கிக் கணக்கை மாற்ற அல்ல.

"லேட்டானா வட்டி வருமே, வரட்டும்." மாதத்துக்கு அரை சதவீதம் உண்டுதான். ஆனால் உங்களால் நேர்ந்த தாமதத்துக்குக் கிடையாது. கிடைக்கிற வட்டியும் வருமானம். அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும். ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவு என்றால் வட்டியே இல்லை.

"ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, அக்கவுண்ட் நம்பரைச் சரிபாருங்கன்னு மெசேஜ் வந்துச்சு சார், லிங்க்கை அமுக்கினேன்." ஏன் அமுக்கினீர்கள்? 2023-இல் 15,490 ரூபாய் ரீஃபண்ட் என்று ஊர் முழுக்க ஒரே தொகையோடு சுற்றிய செய்தி பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவித்தது. ஊரில் எல்லோருக்கும் எப்படி ஐயா ஒரே ரீஃபண்ட் வரும்? கணக்கை மாற்றுவது தளத்துக்குள் போய் நீங்களாகச் செய்கிற வேலை. எந்த லிங்க்கிலும் அது இல்லை.

ரீஃபண்ட் ஏன் திரும்புகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய கணக்கு ஒரு காரணம். இன்னொன்று வங்கி இணைப்பு. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் பாங்க் கனரா பாங்க்கிலும், அலகாபாத் பாங்க் இந்தியன் பாங்க்கிலும், ஆந்திரா பாங்க்கும் கார்ப்பரேஷன் பாங்க்கும் யூனியன் பாங்க்கிலும் கலந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் பாங்க் டிபிஎஸ்-உடன் சேர்ந்தது. பழைய ஐஎஃப்எஸ்சி எல்லாம் செத்துப் போயிற்று. ஆனாலும் பீரோவில் இருக்கும் பழைய செக் புக்கைப் பார்த்து நிரப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். ஆங்கில 'ஓ' அல்ல. இதை வாசலில் போர்டாகவே எழுதி மாட்டலாம் என்றிருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்காதது இனிஷியல்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர். பான் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது. கடைசிப் பெயர், முதல் பெயர் என்று விரித்து எழுதச் சொல்லும். எது கடைசி, எது முதல் என்று அன்றைக்கு யார் நிரப்பினாரோ அவர் இஷ்டம். விளைவு, பாஸ்புக்கில் எஸ். முருகன், பான் கார்டில் சுப்பிரமணியன் முருகன், ஆதாரில் முருகன் எஸ். மூன்றும் ஒரே ஆள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணையிட்டது, சந்தோஷம். அந்த முன்னெழுத்துக்கு இடமே வைக்காத படிவங்களைப் பற்றி டெல்லியிடம் யார் பேசுவது? 'சர்நேம்' என்ற கட்டத்தில் அப்பாவைக் கொண்டுபோய் உட்கார வைத்து, பிறகு வங்கி அனுப்புகிற கடிதத்தில் "டியர் சுப்பிரமணியன்" என்று காலமானவருக்கு வணக்கம் வருவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

அது மாறுகிறவரை, பான் கார்டில் இருக்கிறபடியே வங்கியில் பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன். நாற்பது வருஷம் வருகைப் பதிவேட்டில் இனிஷியலோடு பெயர் எழுதிய மனிதர், பான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்க அப்பா பேருக்கு ஸ்பெல்லிங்கே தப்பா இருக்கே தம்பி" என்றார்.