சாவி கைமாறும் காலம்

நுழையும்முன்

தொழிலகத்தை விற்பது ஒரு நாளில் முடிந்துவிடும்; அதைப் பிறர் நடத்தும் நிலைக்குக் கொண்டுவரப் பல்லாண்டுகள் வேண்டும். விற்றவர் விலகிய பின்னும் தொழில் நிலைத்திருக்க அவர் செய்ய வேண்டியவற்றைத் திண்டுக்கல் பூட்டுத்தொழிலை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

கைத்திறனே முதல்

மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு முதலிய பலவகைப் பூட்டுகளுக்குப் பெயர்பெற்றது திண்டுக்கல். சாவியின் வெட்டுக்கேற்ப உள்தகடுகளை அரத்தால் அராவிப் பொருத்தும் கைத்திறனே இத்தொழிலின் உயிர்நிலை. பட்டறையின் கருவிகளுக்கு விலை குறிக்கலாம். ஆனால், எத்தகட்டை எவ்வளவு அராவ வேண்டும், எந்த வணிகருக்கு எத்தனை நாள் கடன் தரலாம் என்பன உரிமையாளரின் நினைவில் மட்டுமே இருப்பின், அவரோடு அவையும் வெளியேறிவிடும். வாங்கியவருக்கு எஞ்சுவது சாவியில்லாப் பூட்டே.

விலகும்முன் செய்வன

முதலாவது, அளவுகள், மூலப்பொருள் கிடைக்குமிடம், கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை எழுத்தில் பதிவுசெய்தல். இரண்டாவது, நுட்பம் அறிந்த ஒருவரையேனும் பொறுப்பில் பழக்குதல். உரிமையாளர் சில வாரங்கள் வராதிருந்தும் வேலை தடையின்றி நடந்தால் அப்பயிற்சி பலித்ததெனக் கொள்ளலாம். மூன்றாவது, தொழிலாளருக்குரிய நிலுவைகளைத் தீர்த்து, உரிமை மாற்றத்தை அவர்களுக்கு உரிய காலத்தில் அறிவித்தல். நான்காவது, விற்றபின் குறித்த காலம் மட்டும் உடனிருந்து வழிகாட்டி, முடிவெடுக்கும் உரிமையைப் புதியவரிடமே விட்டுவிடுதல். இவற்றுள் நான்காவதே மிகக் கடினமானது. தாம் வளர்த்த தொழிலில் தம் சொல் இனிச் செல்லாது என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை.

வரலாற்றில் ஒரு சான்று

சென்னையில் 1878இல் வார இதழாகத் தொடங்கியது ‘தி இந்து’. நிறுவனர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1898இல் விலகினார். பின்னர் உரிமையாளராக விளங்கிய வீரராகவாச்சாரியார், 1905இல் இதழைக் கஸ்தூரிரங்க ஐயங்காருக்கு விற்றார். வாங்கியவரோ 1895 முதலே அவ்விதழின் சட்ட ஆலோசகர். உள்ளிருந்து அறிந்தவரிடம் சென்றதால், உரிமை மாறியும் இதழ் தொடர்ந்து வளர்ந்தது.

விற்பவர் பெறுவது பணம். விட்டுச்செல்ல வேண்டியது அறிவு. தாம் இல்லாமலும் இயங்கும் பட்டறையே ஓர் உரிமையாளரின் முழுமையான படைப்பு.

தெரிந்து தெளிவோம்

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டறையை விற்கலாம், புவிசார் குறியீட்டு உரிமையை விற்க இயலாது. வாங்குபவர் தம் பெயரைத் தனியே பதிவுசெய்து அதனைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற வேண்டும். தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்றவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலை நடத்துவதில்லை என ஒப்பந்தம் செய்துகொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) இடமளிக்கிறது.