நோயுற்ற வீட்டுக்கோழியைப் பேணிக் குணமாக்கும் முறை

பெரகலையிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியின் இரு மருங்கிலும் தோட்ட லயங்களும் கமக்காரர் குடியிருப்புகளும் உள்ளன. இவ்விடங்களிலுள்ள பல குடும்பங்கள் வீட்டின் பின்புறத்தில் நாலைந்து ஊர்க்கோழிகளை வளர்த்து வருகின்றன. இக்கோழிகள் அடுப்படிக் கழிவையும் மரக்கறித் தோட்டத்துப் புழு பூச்சிகளையும் தின்று வாழ்பவை. பிள்ளைகளுக்கு முட்டையையும், கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு எருவையும், அவசர வேளையிற் கைச்செலவுக்குச் சிறிது பணத்தையும் தருபவை. ஆதலால், ஒரு பேடு நோயுறுதல் சிறு குடும்பமொன்றுக்குச் சிறிய நட்டமன்று.

எனினும், கோழி நோயுற்றதும் நம்மிற் பலர் செய்வது யாது? "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிடுகின்றனர். அல்லது இறப்பதற்கு முன் விற்றுவிட முயல்கின்றனர். முதலாவது செயலால் ஒரு கோழி வீணே இறக்கின்றது. இரண்டாவது செயலால் அயலவரின் கோழிகளும் இறக்கின்றன. பேணுதலால் மாறும் நோய் எது, பேணினும் மாறாத நோய் எது என்பதை அறிந்து நடப்பின் இவ்விரு நட்டங்களையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

1. நோயை அறிதல்

கோழி தன் நோயை இயன்றவரை மறைக்கும் இயல்புடையது. வெளிப்படையாகச் சோர்ந்து நிற்கும் வேளையில் நோய் முற்றியிருக்கக் கூடும். எனவே, ஒவ்வொரு நாட் காலையிலும் கூட்டைத் திறக்கும்போது கவனித்தல் வேண்டும். தீனிக்கு ஓடிவராமல் ஒதுங்கி நிற்றல், இறகைச் சிலிர்த்துக் கழுத்தை உள்ளிழுத்துக்கொள்ளல், கொண்டை வெளிறுதல் அல்லது நீலங்கலந்து கறுத்தல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், எச்சம் நீராகப் போதல் ஆகியவை நோயின் அடையாளங்களாம்.

எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நலமான கோழியின் எச்சம் கபிலமாக அல்லது சாம்பல் நிறமாக, மேலே வெள்ளை படிந்து, உருவோடு இருக்கும். இடைக்கிடை கடுங் கபில நிறத்திற் களிபோன்ற, மிகுந்த நாற்றமுள்ள எச்சமும் விழும். இது நோயன்று, குடலின் ஒரு பகுதியிலிருந்து இயல்பாக வருவதேயாம். பச்சை நிற நீர்க்கழிச்சலும் இரத்தங் கலந்த எச்சமுமே அஞ்சத்தக்கவை.

2. முதல் அரைமணி நேரத்திற் செய்ய வேண்டியவை

நோயின் பெயரை அறியும் முன்னரே மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். அவை பிரித்தல், சூடேற்றல், நீர் கொடுத்தல் என்பனவாம்.

பிரித்தல்: நோயுற்ற கோழியைத் தனிப் பெட்டியிலோ கூடையிலோ இட்டு, மற்றைக் கோழிகள் அணுகாத இடத்தில் வைக்கவும். அடியில் வைக்கோல் அல்லது பழைய சாக்கு விரித்து, நாடோறும் மாற்றுக. தீனிப் பாத்திரமும் நீர்ப் பாத்திரமும் தனியாக இருத்தல் அவசியம். நலமான கோழிகளுக்கு முதலிலும் நோயுற்றதற்கு இறுதியிலும் தீனி வைத்துப் பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.

சூடேற்றல்: நமது உடல் வெப்பம் 37 பாகை செல்சியசு, கோழியின் உடல் வெப்பமோ ஏறக்குறைய 41 பாகை. நோயுற்ற கோழி தீனி உண்ணாததால் இவ்வெப்பத்தைக் காக்கும் வலிமையை இழக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மாத மழையிலும் பனிமூட்டத்திலும் நம் மலைச்சரிவுகளில் நோயினால் இறவாத கோழி குளிரினால் இறத்தல் கூடும். போத்தலொன்றிற் சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கவும். மின்சாரம் உள்ள வீட்டிற் சிறு மின்குமிழைப் பெட்டிக்கு மேலே, வைக்கோலிற் படாதவாறு கட்டலாம். மறுபக்கத்தைச் சூடின்றி விடுக. கோழி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிந்துகொள்ளும். அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்தலாகாது.

நீர் கொடுத்தல்: கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஒரு மேசைக்கரண்டி சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் கரைத்து முதல் நாள் மட்டும் கொடுக்கவும். உப்பு இவ்வளவிற்கு மேற்படின் கோழிக்கு நஞ்சாகும். மறுநாள் முதல் வெறும் நீரே போதும். கோழி தானாகக் குடியாவிடின் அதன் அலகின் நுனியை நீரிற் தோய்த்துவிடுக. வாயைப் பிளந்து நீரை ஊற்றலாகாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்புறத்திலேயே இருப்பதால், ஊற்றிய நீர் சுவாசப்பைக்குட் சென்று கோழி இறந்துவிடும்.

3. கையினாற் பரிசோதித்தல்

கோழி சற்றுத் தேறியதும் மடியில் வைத்துத் தலையிலிருந்து கால்வரை ஒழுங்காகப் பார்க்கவும்.

தீனிப்பை: கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு முன்னே தீனிப்பை உள்ளது. இரவில் நிறைந்திருந்தாலும் விடியற்காலையில் அது வெறுமையாக இருத்தல் வேண்டும். காலையிலும் கல்லைப்போல் இறுகியிருப்பின், நீண்ட புல்லோ நாரோ அடைத்துள்ளது எனக் கொள்ளலாம். ஒரு நாள் தானியத்தை நிறுத்தி நீர் மட்டும் வைக்கவும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாக அலகின் ஓரத்தில் விட்டு விழுங்கச் செய்து, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை தீனிப்பையை மெல்லப் பிசைந்துவிடுக. தீனிப்பை நீர்ப்பைபோலத் தளர்ந்து, வாயிற் புளித்த நாற்றம் வீசினால் அது வேறு நோய். அப்போது கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கக்கச் செய்யும் வழக்கம் ஆபத்தானது. கால்நடை வைத்தியரிடம் காட்டுக.

முட்டை அடைப்பு: பேடு நிமிர்ந்து நின்று வாலைத் தாழ்த்தி முக்கி முக்கி வருந்துமாயின் முட்டை அடைபட்டிருக்கக் கூடும். கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் வயிறு அமிழும்படி 15 முதல் 20 நிமிடம் வரை இருத்தி, துடைத்து உலர்த்தி, மலவாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவி, இருண்ட வெப்பமான இடத்தில் விடுக. வயிற்றை அழுத்தி முட்டையை வெளித்தள்ள முயலவேண்டாம். முட்டை உள்ளே உடைந்தாற் கோழி பிழைத்தல் அரிது. சில மணி நேரத்தில் முட்டை வெளிவராவிடின் வைத்தியரை நாடுக. இந்நோய் வராமற் காக்க, முட்டையிடும் பேடுகளுக்கு முட்டைக்கோதை வறுத்துப் பொடியாக்கிக் கொடுத்தல் நன்று.

நெஞ்செலும்பு: கத்தியின் முதுகுபோல் நெஞ்செலும்பு துருத்திக் கொண்டையும் வெளிறியிருப்பின் குடற்புழுவோ, இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணியோ காரணமாகலாம். புழு மருந்தையும் அதன் அளவையும் வைத்தியரிடம் கேட்டுப் பெறுக. பேன் கோழியின் இறகடியிலேயே வாழும். செந்நிறச் சிற்றுண்ணியோ பகலிற் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்து இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும். ஆதலால் இரவில் இலாம்புடன் சென்று, வெள்ளைத் துணியாற் கூட்டுத் தடியின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்க்கவும். துணியிற் செந்நிறப் புள்ளிகள் படின் உண்ணி உண்டு. கூட்டைக் கொதிநீராற் கழுவி வெயிலிற் காயவிட்டு, வெடிப்புகளுக்குச் சுண்ணாம்பு பூசுக. மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழியொன்றை மழைபடாத இடத்தில் அமைப்பின் கோழிகள் தாமே புரண்டு பேன்களை உதிர்க்கும்.

கொண்டையும் வாயும்: கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருக்கள் தோன்றிப் பொருக்காவது அம்மை நோய். இது நுளம்பினாலும் பரவும். பொருக்கைப் பிய்க்காமல், அயடீன் மருந்தை மெல்லத் தடவிவிடுக. தீனியுண்ணும் கோழி சில வாரங்களிற் குணமடையும். வாயினுள்ளே வெண்படலம் படர்ந்து மூச்சுத் திணறின் நோய் கடுமையானது.

இரத்தக் கழிச்சல்: இளங்குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால், ஈரமான தரையிற் பெருகும் நுண்ணுயிரே காரணமாகலாம். வைத்தியர் தரும் மருந்தை நீரிற் கலந்து உடனே கொடுப்பின் பல குஞ்சுகள் பிழைக்கும். தரையை உலர்வாக வைத்திராவிடில் நோய் மீண்டும் வரும்.

நஞ்சு: மருந்திட்ட விதையைத் தின்றும், அன்று நாசினி தெளித்த மரக்கறிப் பாத்தியிற் கிளறியும் கோழிகள் நஞ்சுண்பதுண்டு. தெளித்த பாத்தியில் கோழிகளை விடாமல் மறித்து வைத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த சோளமும் புண்ணாக்கும் அத்தகையனவே. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றின் தீனியிற் சேர்த்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. "மனிதருக்கு ஆகாதது கோழிக்கு ஆகும்" என்ற எண்ணம் பிழையானது.

4. பேணினும் மாறாத நோய்

மூச்சுத் திணறல், பச்சை நீர்க்கழிச்சல், கழுத்துத் திருகல், காலும் செட்டையும் முடங்குதல் ஆகியவற்றுடன் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்குமாயின் அது இராணிக்கெற் நோயாக இருத்தல் கூடும். 1926 ஆம் ஆண்டில் யாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூக்காசில் நகரிலும் அறியப்பட்ட இந்நோய், 1927 ஆம் ஆண்டில் இந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெற்றிலும் காணப்பட்டமையால் அப்பெயரைப் பெற்றது. இதனைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. அதுவும் நலமான கோழிக்கே பயன்படும்.

நான் உத்தியோகத்திற் சேர்ந்த புதிதில் இப்பகுதி லயமொன்றில் நிகழ்ந்ததை இங்கு கூறுதல் தகும். ஒரு வீட்டார் சந்தையில் மலிவாக வாங்கிய சோர்ந்த பேடொன்றை அன்றே தம் கோழிகளுடன் அடைத்தனர். ஒரு வாரத்துள் அக்கூட்டில் நோய் தோன்றிற்று. எஞ்சியவற்றை அவர்கள் அயலில் விற்றனர். என்னை அழைத்தபோது நான் கூட்டுக்குக் கூடு சென்று பார்த்தேன். ஆயின் காலணியைக் கழுவினேனல்லேன். மாத முடிவில் அந்த லயத்திற் கோழி கூவவில்லை. பரப்பியது சந்தைக் கோழியோ, விற்ற கோழியோ, என் காலணியோ என்று பிரித்தறிய இயலாது. அன்று முதல் நான் சவர்க்கார நீரும் தூரிகையும் இன்றி எந்தக் கூட்டையும் அணுகுவதில்லை. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

இவ்வடையாளங்களைக் கண்டால் ஒரு கோழியையும் விற்கவோ, கொடுக்கவோ, அறுக்கவோ வேண்டாம். உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பறவைக் காய்ச்சலும் ஆரம்பத்தில் இதனைப் போலவே தோன்றலாம். 1997 ஆம் ஆண்டில் ஹொங்கொங் நகரில் அக்காய்ச்சல் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. ஆதலால் இறந்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை அணுக விடாதீர்கள். ஓடையிலோ பீலிக்கு மேற்புறத்திலோ எறிதல் பெருங் குற்றமாகும். மலைச்சரிவில் நம் வீட்டைக் கடந்து ஓடும் நீரே கீழ் லயத்தாரின் குடிநீராகும். நீர்நிலைக்கு அப்பால் மூன்றடி ஆழத்திற் புதைத்துச் சுண்ணாம்பிட்டு மூடுக.

5. தேறிவரும் கோழிக்குத் தீனி

உப்பிடாத குழைந்த சோறு, அவித்த குரக்கன், மசித்த அவித்த முட்டை மஞ்சட் கரு ஆகியவற்றைச் சிறு அளவில் நாளுக்கு நாலைந்து முறை கொடுக்கவும். மிஞ்சியதைப் புளிக்கும் முன் அகற்றுக. பசி மீண்டதும் தவிடும் நறுக்கிய முருங்கையிலையும் சேர்க்கலாம். வீட்டில் மிஞ்சிய மனித மருந்து வில்லைகளைக் கொடுத்தலாகாது. வைத்தியர் மருந்து கொடுத்திருப்பின், எத்தனை நாள்வரை முட்டையை உண்ணலாகாது எனக் கேட்டறிந்துகொள்க.

தேறிய பேடு உடனே முட்டையிடாது. அதற்காக அதனைக் கழித்துவிட வேண்டாம்; சில வாரம் பொறுக்கவும். தொற்றுநோய் எனச் சந்தேகித்த கோழியை அடையாளங்கள் முற்றும் நீங்கி இரண்டு வாரம் சென்ற பின்னரே மற்றவற்றுடன் சேர்த்தல் வேண்டும். பகலிற் சேர்த்தால் மற்றைக் கோழிகள் கொத்தும். இருட்டும் வேளையிற் கூட்டுத் தடியில் ஏற்றிவிடுக.

இரண்டு நாளாக நீரும் அருந்தாது, எழுந்து நிற்கவும் இயலாது வருந்தும் கோழியை இழுத்துப் பிழைக்க வைத்தல் இரக்கமன்று. வைத்தியரின் ஆலோசனைப்படி அதன் துன்பத்தை விரைவில் முடித்தலே நன்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை

அ. சோர்ந்த கோழியை அன்றே பிரித்துச் சூடும் நீரும் கொடுக்கவும்.
ஆ. காலையில் தீனிப்பையையும் எச்சத்தையும், இரவிற் கூட்டின் வெடிப்புகளையும் பார்க்கவும்.
இ. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைக்கவும்.
ஈ. நோயுற்ற கோழியை விற்கவேண்டாம்.
உ. கோழிகள் நலமாக இருக்கும்போதே இராணிக்கெற் தடுப்பு மருந்தை இடுவிக்கவும். ஒரு வீட்டார் மட்டும் இடுவதைவிட லயத்தார் அனைவரும் ஒரே நாளில் இடுவிப்பது சிறந்தது. அதற்கான நாளைக் கால்நடை வைத்திய அலுவலகத்துடன் பேசி, மழைக்காலம் தொடங்கு முன்னரே குறித்துக்கொள்ளுங்கள்.