சால்வென்ட் பிளான்ட் வேலைக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய வரைபடம்

கெமிக்கல் கம்பெனி நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தால் சுத்தமான எத்தனால் கிடைக்குமா? “கிடைக்காது சார், அசியோட்ரோப்” என்று பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்விதான் ஆளை அளக்கிறது. “ரிஃப்ளக்ஸைக் கூட்டினால்? கோபுரத்தில் இன்னும் பத்துத் தட்டு சேர்த்தால்?” இங்கே தயங்கினால், மனப்பாடம் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கடலூர் சிப்காட்டானாலும் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையானாலும் ஹைதராபாத், அங்கலேஷ்வர் ஆனாலும், மருந்து தயாரிக்கும் இடத்தில் மருந்தைவிடப் பல மடங்கு சால்வென்ட் புழங்குகிறது. அதை மீட்டுச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கிய பிறகு சர்க்கரை ஆலைகளின் டிஸ்டிலரிகளுக்கும் இதே அறிவு தெரிந்த ஆட்கள் வேண்டும். இரண்டு இடங்களிலும் அன்றாடம் உதவுவது கல்லூரியில் நாம் மதிப்பெண்ணுக்காக வரைந்த அதே இருகூறுத் திரவக் கலவை வரைபடம்தான்.

முதலில் அதை வெறும் கையால் வரையப் பழகுங்கள். கிடை அச்சில் கலவையின் பங்கு, செங்குத்து அச்சில் வெப்பநிலை. கீழ்க்கோடு, திரவம் கொதிக்கத் தொடங்கும் இடம். மேல்கோடு, ஆவி குளிர்ந்து திரவமாகத் தொடங்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும். மூலையில் அழுத்தத்தை எழுதுங்கள். அழுத்தம் எழுதாத கொதிநிலை வரைபடத்தை அனுபவசாலிகள் ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டார்கள். பென்சீனும் டொலுயீனும் போல ரௌல்ட் விதிக்கு ஏறக்குறைய அடங்கிய நல்லியல்புக் கலவை என்றால் இரு கோடுகளும் இரு முனைகளில் மட்டும் தொடும். எத்தனால்–தண்ணீர் என்றால் நடுவழியிலும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்ளும். வளிமண்டல அழுத்தத்தில் அந்த இடம் எடையில் 95.6 சதவீத எத்தனால், 78.2 டிகிரி செல்சியஸ். அங்கே திரவத்தில் என்ன பங்கோ, ஆவியிலும் அதே பங்கு; அசியோட்ரோப் என்பது இதுதான். தட்டுக்குத் தட்டு பங்கு மாறுவதை நம்பித்தான் கோபுரமே கட்டுகிறோம்; மாற்றமே இல்லாத இடத்தில் நூறு தட்டு வைத்தும் பயனில்லை. ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் நீராவிச் செலவு கூடும், அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் சொல்ல வேண்டிய பதில் இதுவே.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் பலரைத் தடுமாற வைப்பது சதவீதம். மேலே சொன்ன 95.6, எடைக் கணக்கு. அதே கலவை மோல் கணக்கில் 89.5, கன அளவில் சுமார் 97. மதுபான, எத்தனால் வட்டாரத்தில் பெரும்பாலும் கன அளவில் பேசுவார்கள். பாடப்புத்தகம் மோல் பின்னத்தில் பேசும். லேபிலிருந்து வரும் ரிப்போர்ட் எடையில் இருக்கலாம். ஷிஃப்ட் மாறும்போது “95 இருக்கு” என்று யாராவது சொன்னால், “எந்த 95?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இனி, அசியோட்ரோப் என்ற தடையை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதில்தான் தொழிலின் சுவையே இருக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் கிட்டத்தட்ட நீரற்றதாக இருக்க வேண்டும். அதற்கு இன்றைய டிஸ்டிலரிகள் நம்புவது மூலக்கூறு சல்லடை. அதன் நுண்துளை சுமார் 3 ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் மூலக்கூறு உள்ளே நுழைந்து ஒட்டிக்கொள்ளும், பெரிய எத்தனால் வெளியிலேயே கடந்துபோகும். அதற்கு முந்தைய காலத்தில் பென்சீனை மூன்றாம் ஆளாகச் சேர்த்து வடித்தார்கள். பென்சீன் புற்றுநோய்க் காரணி என்பதால் அந்த இடத்தைச் சைக்ளோஹெக்சேன் பிடித்தது. டெட்ராஹைட்ரோஃபியூரான்–தண்ணீருக்கு வேறு தந்திரம்: அழுத்தம் ஏற ஏற அதன் அசியோட்ரோப்பில் நீரின் பங்கு கூடும். ஆகவே வெவ்வேறு அழுத்தத்தில் இயங்கும் இரண்டு கோபுரங்களை அடுத்தடுத்து வைத்தால் தடைப்புள்ளி நகர்ந்து வழிவிடும்.

எனக்குப் பிடித்தது பியூட்டனால்–தண்ணீர். அறை வெப்பநிலையில் இவை முழுதாகக் கலப்பதில்லை. குடுவையில் மேலே ஒரு அடுக்கு, அதில் எடையில் சுமார் 80 சதவீத பியூட்டனால். கீழே ஒரு அடுக்கு, அதில் சுமார் 8 சதவீதம். இதன் அசியோட்ரோப் சுமார் 93 டிகிரியில், ஏறத்தாழ 57 சதவீத பியூட்டனாலுடன் ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிர்வித்து ஒரு பிரிகலனில் விட்டால் அதுவே இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். ஒரு அடுக்கு தடைக்கு அந்தப் பக்கம், மற்றது இந்தப் பக்கம். மேல் அடுக்கை ஒரு கோபுரத்துக்கும் கீழ் அடுக்கை இன்னொன்றுக்கும் அனுப்பினால், முதலாவதன் அடியில் பியூட்டனால், இரண்டாவதன் அடியில் தண்ணீர். இரு கோபுரங்களின் உச்சி ஆவியும் மறுபடி அதே பிரிகலனுக்கு வரும். எந்த மூன்றாம் பொருளும் தேவையில்லை!

எவ்வளவு எந்த அடுக்குக்குப் போகும்? நெம்புகோல் விதியைப் போடுங்கள். 100 கிலோ ஆவி குளிர்ந்தால், 57-இலிருந்து 8-ஐக் கழித்து (49), 80-இலிருந்து 8-ஐக் கழித்து (72), முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். மேல் அடுக்கு 68 கிலோ, கீழ் அடுக்கு 32 கிலோ. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கடந்துபோனது, இங்கே பம்ப் அளவைத் தீர்மானிக்கிறது.

அடுக்குப் பிரிப்பில் இன்னொரு பொறி உண்டு. சூடாக்கினால் கலக்கும், குளிர்வித்தால் பிரியும் என்று நினைப்பது இயல்பு. ஃபீனால்–தண்ணீர் அப்படித்தான், சுமார் 66 டிகிரிக்கு மேல் ஒன்றாகிவிடும். ஆனால் மருந்து ஆலைகளில் நாள்தோறும் புழங்கும் டிரைஎத்தில்அமீன் தலைகீழ். சுமார் 18.5 டிகிரிக்குக் கீழே தண்ணீரோடு முழுதாகக் கலக்கும், மேலே போனால் இரண்டாகப் பிரியும். அடுக்கு சரியாகப் பிரியவில்லை என்று ரியாக்டரின் ஜாக்கெட்டில் சில்லர் தண்ணீர் விடும் புதியவர், இருந்த பிரிவையும் கெடுத்துக்கொள்வார். நிகோட்டின்–தண்ணீர் இரண்டு குணமும் கொண்டது. ஆனால் அது உங்கள் ஷிஃப்டில் வர வாய்ப்பு குறைவு.

இதுவரை பார்த்த அசியோட்ரோப்புகள் குறைந்த கொதிநிலை கொண்டவை. அதிகக் கொதிநிலை அசியோட்ரோப்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம்–தண்ணீரை ஒரு வரியில் நினைவில் வையுங்கள்: எடையில் 20.2 சதவீதம், 108.6 டிகிரி, மேலே வராமல் அடியில் தங்கும்.

இனி ரெஸ்யூமே. “ஆஸ்பென் தெரியும்” என்று எழுதுவதற்குப் பதில் எதையாவது செய்து காட்டுங்கள். ஆலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான ஆஸ்பெனின் உரிமக் கட்டணம் மாணவர் கைக்கு எட்டாது. அதே வேலையைச் செய்யும் டிடபிள்யூசிம் இலவசம், திறந்த மூலம். ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் அதற்குப் பயிற்சிப் பாடங்களும் மாணவர்கள் பங்களிக்கும் வாய்ப்பும் தருகிறது. அதில் எத்தனால்–தண்ணீரைப் போட்டு, முதலில் ரௌல்ட் விதியைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். மென்பொருள் கொஞ்சமும் கூச்சமின்றி 99.9 சதவீத எத்தனாலைத் தந்துவிடும். பிறகு அதே கலவைக்கு, நல்லியல்பிலிருந்து விலகுவதையும் கணக்கில் எடுக்கும் என்ஆர்டிஎல் மாதிரியைப் போடுங்கள். கோடுகள் தொட்டுக்கொள்ளும், கோபுரம் எடைக் கணக்கில் 95-ஐ ஒட்டி நின்றுவிடும். இரண்டு வரைபடத்தையும் ஒரே தாளில் அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அழுத்தத்தையும் எந்தச் சதவீதம் என்பதையும் எழுதி, நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோங்கள். எதிரே இருப்பவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் பெரும்பாலும் அந்தத் தாளைப் பற்றியே இருக்கும்.