இலவச மதிப்பீட்டின் விலை

மும்பையில் மின்பணி ஒப்பந்தத் தொழில் புரியும் நம் வாடிக்கையாளர்கள் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: “நேரில் பார்த்து, எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுங்கள்.” தாராவியின் தையல் பட்டறை, மாட்டுங்காவின் பழைய கட்டடம், செம்பூரின் வீட்டுவசதிச் சங்கம் என இடங்கள் வேறுபடலாம், வேண்டுகோள் ஒன்றே. இதற்குக் கட்டணம் கேட்பதா, வேண்டாமா என்பதில்தான் பலருக்கும் தயக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மதிப்பீட்டிற்கு அரை நாள் செலவாகிறது என்றும், அதன் மதிப்பு 600 ரூபாய் என்றும் கொள்வோம். பத்து மதிப்பீடுகளுக்கு 6,000 ரூபாய். அவற்றுள் மூன்று மட்டுமே பணியாக மாறினால், ஒவ்வொரு பணியும் 2,000 ரூபாயைச் சுமக்க வேண்டும். ஆக, பணி தந்தவர் தராதவருக்காகவும் செலுத்துகிறார். அவரிடம் பெற இயலாவிடில் ஒப்பந்ததாரரின் இலாபம் கரைகிறது.

எனவே வேண்டுகோள்களை மூவகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தோராயத் தொகை. அறைகளையும் விளக்கு, விசிறி, பிளக் பாயிண்டுகளையும் தொலைபேசியிலேயே கேட்டு, இத்தனை முதல் இத்தனை வரை என்று கூறலாம். இது இலவசமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, நேரடி ஆய்வு. மின்பளு, எர்த்திங், பழைய வயரிங் ஆகியவற்றைச் சோதிக்கச் சிறு கட்டணம் பெறலாம். பணி கிடைத்தால் அதை இறுதிப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். இதைப் புறப்படும் முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

மூன்றாவது, வரைபடமும் பொருட்பட்டியலும் கொண்ட முழு மதிப்பீடு. இது தனி உழைப்பு, தனிக் கட்டணத்திற்குரியது. இலவசமாகத் தந்தால், அதே தாளைக் காட்டி வேறொருவரிடம் விலை குறைக்கப்படக்கூடும்.

எழுத்தில் தரும் விலைப்புள்ளியில் கவனம் தேவை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முன்மொழிவு ஏற்கப்பட்டால் அது இருதரப்பையும் கட்டுப்படுத்தும். குறித்த காலம் கடந்தால் காலாவதியாகும். செம்பு விலை ஏறி இறங்குவதால், ‘15 நாட்களுக்கு மட்டும் செல்லும்’ என ஒரு வரி எழுதுவது பாதுகாப்பு. ஜிஎஸ்டி சேர்ந்ததா, சுவர் உடைத்துப் பூசும் செலவு யாருடையது, மின்பளுவை உயர்த்த பெஸ்ட் போன்ற விநியோக நிறுவனத்திற்குச் செலுத்தும் தொகை அடங்குமா என்பனவற்றையும் குறிப்பிட வேண்டும்.

இதில் வங்கியாகிய நமக்கும் பங்குண்டு. கடன் விண்ணப்பத்துடன் விலைப்புள்ளி கேட்பவர்கள் நாமே. கடனுக்காகக் கேட்கும் வாடிக்கையாளர்கள் அதை ஒப்பந்ததாரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்று தொகையை உயர்த்தி எழுதச் சொல்வதும், எழுதித் தருவதும் தவறு. பின்னர் இருவருக்குமே இடர் விளையும்.

மதிப்பீடு பெற்றவர்க்கும் ஒரு கடமை உண்டு. பணி தர இயலாவிடில் அதை ஒரு வார்த்தையில் தெரிவித்துவிடுங்கள். காத்திருக்கும் ஒருவரின் நாள் வீணாகாது.