கப்பலிலிருந்து இறங்கப்போகும் தம்பிக்கு



உன் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு காண்ட்ராக்ட், அதோடு கப்பலுக்கு ஒரு கும்பிடு, பிறகு ஊரில் சொந்தத் தொழில் என்று எழுதியிருக்கிறாய். கடலே இல்லாத கள்ளக்குறிச்சியிலிருந்து போய், இன்ஜின் ரூம் சூட்டில் ஃபிட்டர் வேலை கற்றவன் நீ. நான் வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளியவன். கப்பலைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கரையில் பணம் எப்படிப் புரளும், எங்கே போய் முடங்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

உன் மூன்று யோசனைகளில் இரண்டை இப்போதே அடித்துவிடு. முதலாவது, கார் வாங்கி டிராவல்ஸ். வண்டி ஓட்டுவது டிரைவர், கணக்குச் சொல்வதும் டிரைவர், தவணை மட்டும் உன் தலையில். இரண்டாவது, வெள்ளிமலைப் பக்கம் இடம் வாங்கி விடுதி. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாய். கல்வராயன் மலையில் காப்புக்காடு ஏராளம், பட்டாச் சிக்கலும் தீர்ந்தபாடில்லை. மலையாளிப் பழங்குடி மக்களிடம் வெள்ளைத்தாளில் எழுதி நிலம் முடித்துத் தருகிறேன் என்று எந்தத் தரகர் வந்தாலும் கதவைச் சாத்து. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஜனங்களிடம் மிச்சமிருப்பது அந்த நிலம்தான்.

கடைசியில், போகிற போக்கில், “இல்லாவிட்டால் ரிப்பேர் பட்டறை ஏதாவது” என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையத்திலிருந்து சின்னசேலம் வரை ஒருமுறை வண்டியில் போய்ப் பார். நெல் அரவை மில்கள், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்கள், போதாததற்குக் கச்சிராயபாளையத்திலும், தள்ளி மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். இதில் சேகோ மில்லைக் கொஞ்சம் கவனி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்கி இரண்டு நாளைக்குள் அரைத்தாக வேண்டும். தள்ளிப்போனால் கிழங்குக்குள் கருநீலக் கோடு ஓடும், மாவு குறையும், மாவுச்சத்தை அளக்கும் பாயிண்ட் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். சீசன் நடுவில் அரவை டிரம்மில் ஒரு பேரிங் போனால், மலையிலிருந்து வந்த லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஆட்கள் கூலியோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி ஆத்தூருக்கும் சேலத்துக்கும் போன் போட்டபடி இருப்பார்.

அந்த பேரிங் ஏன் போனது? இங்கே பல இடங்களில் மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும்போது கப்ளிங் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு போல்ட்டை முறுக்குகிறார்கள். நாலு மாதத்தில் பேரிங் இரைகிறது. பேரிங் கம்பெனியைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கி மாட்டுகிறார்கள். நீ டயல் கேஜ் வைத்து நேர்ப்படுத்தத் தெரிந்தவன். ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கோளாறைக் கேட்கிறவன். இந்த வேலைக்கு ஊரில் ஆள் குறைவு.

ஆனால் ரிப்பேருக்குக் கூப்பிடட்டும் என்று ஷட்டரைத் திறந்து காத்திருக்காதே. கப்பலில் ஒவ்வொரு எந்திரமும் ஓடிய மணிக்கணக்கை எழுதி, இத்தனை மணிக்கு ஆயில், இத்தனை மணிக்கு பேரிங் என்று அட்டவணை வைத்திருப்பீர்கள் அல்லவா? அதை அப்படியே இரண்டு மூன்று மில்லுக்குக் கொண்டுபோய், வருட ஒப்பந்தம் கேள். எடுத்தவுடன் லேத் வாங்காதே. லேத் வேலையை இங்கே இருக்கிற பட்டறைக்காரர்களிடமே கொடு. நாளைக்கு அவர்களே உனக்கு வேலை அனுப்புவார்கள். கப்பலில் பாய்லர் பார்த்தேன் என்று மில் பாய்லரில் வெல்டிங் ராடை வைத்துவிடாதே. கரையில் அதற்குப் பாய்லர் துறையின் அங்கீகாரம் வேண்டும், வயரிங்குக்கும் தனி லைசென்ஸ் உண்டு.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கப்பலில் மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் வந்துவிடும். கரையில் நீ வேலையை முடித்த பிறகுதான் பணத்துக்கு அலையும் வேலை தொடங்கும். மில்லில் மூட்டை விற்றுக் காசு வந்தால்தான் உனக்குக் காசு. நான் பார்த்தவரை, சின்னப் பட்டறைகள் வேலை இல்லாமல் மூடியதைவிட பாக்கி வராமல் மூடியதே அதிகம். ஆகவே பட்டறை திறந்ததும் குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவைச் செய். அதற்குக் கட்டணமே கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதே. 2006-ஆம் ஆண்டு சட்டப்படி, குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்துத் தீர்க்கும்வரை மில் முதலாளி அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. இதைச் சொல்லி எந்த முதலாளியையும் மிரட்டப் போகாதே. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து வை, மிச்சத்தை அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பில் புத்தகம் உன் மனைவியிடம் இருக்கட்டும். பி.காம். படித்தவர், பாக்கி கேட்க உன்னைப்போல் கூச்சப்படவும் மாட்டார்.

மானியம் பற்றிக் கேட்டிருந்தாய். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கான திட்ட மதிப்பு 2022-இல் 20 லட்சம் வரை உயர்த்தப்பட்டது. கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீத மானியம், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35. அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் உன் பெயரில் டெபாசிட்டாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும். புதுத் தொழிலுக்கு மட்டும்தான் என்பதால், பட்டறை திறக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறியிருக்கலாம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்வோம். வருடத்தில் இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு, சம்பளத்துக்கு வரி இல்லை என்று வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருக்கும் கப்பல்காரர்கள் பலர். கடன் கேட்டு வந்து நிற்கும்போது வங்கி முதலில் கேட்பது அந்த ரிட்டர்னைத்தான். வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்.

உன்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களிடமும் விசாரி. அவர்கள் ஊரில் வெளிநாட்டுப் பணத்தில் பலர் திறப்பது ‘சாரி-சாரி’ என்கிற பெட்டிக்கடை. ஒரே தெருவில் நாலு கடை வந்தால் என்ன ஆகும் என்று அவர்களே சொல்வார்கள்.

பட்டறை இரண்டு சீசன் தாண்டும்வரை கப்பல் வழியை அடைக்காதே. சி.டி.சி. என்கிற கப்பல்காரர் சான்றுப் புத்தகம் பத்து வருடம் செல்லும், பாதுகாப்புப் பயிற்சிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதியைத் தவறவிடாதே. பிராவிடண்ட் பண்டில் இருப்பதைத் தொழிலில் போடாதே, அது பிள்ளைகளுடையது.

அடுத்த லீவை ஆடி மாதத்தில் கேட்டு வாங்கு. அரவை ஓய்ந்து மில்கள் கழற்றிப் போட்டிருக்கும் நேரம் அது. ஒரு மில்லை மட்டும் எடுத்து, கூலி வாங்கிக்கொண்டே எல்லா மோட்டாரையும் நேர்ப்படுத்திக் கொடு. சீசன் முழுக்க அது எப்படி ஓடுகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். வரும்போது மூன்று வருட ரிட்டர்ன் நகலையும் கையோடு கொண்டு வா. மாவட்டத் தொழில் மையத்துக்கு நானும் கூட வருகிறேன்.