ஐஸ் கிடங்கில் தண்டால் எடுக்கலாமா?

 

நொச்சிக்குப்பத்தில் எங்க பையன்கள் பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிச் செய்த டம்பெல்லை மொட்டை மாடியில் தூக்குகிறார்கள். அவர்களை மனதில் வைத்து, ஒரு பழைய ஐஸ் கிடங்கை ஜிம்மாக மாற்றி பிளான் போட்டேன். நாலு பக்கமும் கண்ணாடி, ஏசி, ஜன்னலே கிடையாது. மழைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத எங்க நைனா மீன் பிடிப்பவர். ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஐஸ் பொட்டியில சந்து இருந்தா ஐஸு கரைஞ்சிடும். ஆளு உள்ள பூந்தா காத்து வேணாமாடா?" என்றார். கரண்ட் போனால் என் ஜிம் கதி என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்கு உதாரணம் நம்ம கடற்கரையிலேயே உள்ளது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைக்க, ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரானதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு அதை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார், ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். சரக்குக்குக் கட்டிய இடத்தில் மனிதன் குடியேற, முதலில் சுவரைத் திறக்க வேண்டியிருந்தது!

சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து வரும். ஆகவே கிழக்குச் சுவரில் தாழ்வாகவும், மேற்கில் கூரையை ஒட்டி உயரமாகவும் திறப்பு வைக்க வேண்டும். சூடான காற்று தானே மேலேறி வெளியேறும்.

அடுத்து தளம். ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தின்படி வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன். சாதாரணக் கிடங்குக்குக் குறைந்தது 7.5. இந்த வகையில் கிடங்கு நமக்கு லாபம்தான். ஆனால் பழைய கட்டடம் எந்தக் கணக்கில் கட்டியதோ, சோதிக்காமல் மாடியை நம்பக்கூடாது. 20 கிலோ தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தால் தளம் வாங்கும் அடி அதைப்போலப் பல மடங்கு. எனவே எடை தூக்குவது தரைத்தளத்தில், பிளைவுட் மேல் தடித்த ரப்பர் விரித்து.

எங்க பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். ரெட் ஆக்சைடு அடிக்காமல் ஸ்டாண்டு எதுவும் நிற்காது. கண்ணாடியையும் ஈரச்சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும்.

திருத்திய பிளானை நைனாவிடம் காட்டினேன். "வல காயப்போட எடம் எங்க?" என்று கேட்டார். அதற்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.