பழைய வண்டி வாங்குவோர் பார்க்க வேண்டிய ஆண்டுகள்

நம் சங்க அன்பர்களில் பலர் இப்போது பெரிய வண்டி தேடுகிறார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஏழு பேர் உட்கார வேண்டும். சாமான்களுக்கும் இடம் வேண்டும். புது வண்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பழைய ஸ்கார்பியோ, பொலிரோ, இன்னோவா என்று விசாரிக்கிறார்கள். தில்லியில் பழைய டீசல் வண்டிகள் மலிவாகக் கிடைப்பதும் ஆசையைத் தூண்டுகிறது.

"என்ன மாடல்?" என்று நாம் கேட்கிறோம். "2017 மாடல்" என்கிறார் விற்பவர். அந்த ஒற்றை எண்ணோடு விசாரணை முடிந்துவிடுகிறது. உண்மையில் ஒரு வண்டிக்கு ஒரு ஆண்டு இல்லை. நான்கு ஆண்டுகள் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

1. தயாரித்த ஆண்டு

இது ஆர்.சி. புத்தகத்திலேயே மாதத்தோடு அச்சாகியிருக்கும். பதிவு செய்த தேதி வேறு, இது வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி விற்பனைக் கூடத்தில் மாதக்கணக்கில் நின்றிருக்கலாம். நானே 2016-ல் "2012 மாடல்" என்று ஒரு வண்டி வாங்கினேன். ஜனவரி 2012-ல் பதிவானது உண்மைதான். ஆனால் தயாரானது பிப்ரவரி 2011. மூன்று ஆண்டு கழித்து நான் விற்கப் போனபோது, வாங்க வந்தவர் ஆர்.சி.யைத் திருப்பிப் பார்த்து ஓராண்டு மதிப்பைக் கழித்துவிட்டார். நான் பார்க்காததை அவர் பார்த்தார், அவ்வளவுதான்.

சரிபார்க்க இன்னொரு வழி ஸ்டெப்னி டயர். எல்லா டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 0516 என்றால் 2016-ஆம் ஆண்டின் ஐந்தாவது வாரம். ஓடும் டயர்களை மாற்றியிருப்பார்கள். ஸ்டெப்னி பெரும்பாலும் வண்டியோடு வந்ததாகவே இருக்கும். பல நிறுவனங்களின் சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்தும் ஆண்டைச் சொல்லும்.

2. பதிவு செய்த ஆண்டு

சட்டம் வயதைக் கணக்கிடுவது இந்தத் தேதியிலிருந்துதான். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். தலைநகர்ப் பகுதியில் கதை வேறு. டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அந்த வயதுக் காரணத்துக்காக மட்டும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால ஆணை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4-ம் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தப்பட்டது. இப்படி மாறி மாறி வரும் ஆணையை நம்பிச் சேமிப்பைப் போடுவது விவேகமல்ல.

3. புகை விதி மாறிய ஆண்டு

2010 ஏப்ரலில் தலைநகர்ப் பகுதிக்கும் சென்னை, மும்பை, பெங்களூர் உள்ளிட்ட பெருநகரங்களுக்கும் பி.எஸ்.4 வந்தது. மற்ற ஊர்களில் பி.எஸ்.3 தான் இருந்தது. நாடு முழுவதும் பி.எஸ்.4 கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். ஆகவே ஒரே நிறுவனத்தின் 2014 வண்டி தில்லியில் வாங்கியிருந்தால் பி.எஸ்.4 ஆகவும், திருநெல்வேலியில் வாங்கியிருந்தால் பி.எஸ்.3 ஆகவும் இருக்கக்கூடும். ஊரிலிருந்து உறவினர் வண்டியை இங்கே கொண்டுவர நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6. அதற்குப் பிந்தைய டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றுவது பெரும் செலவு. அப்படிப்பட்ட உபயோகத்துக்கு டீசலே வேண்டாம்.

4. வண்டியே மாறிய ஆண்டு

பெயர் ஒன்றாக இருக்கும். உள்ளே இருப்பது வேறாக இருக்கும். ஸ்கார்பியோவையே எடுத்துக்கொள்வோம். 2002-ல் 2.6 லிட்டர் எஞ்சினோடு வந்தது. பின்னர் 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின் வந்தது. 2014 செப்டம்பரில் புதிய சேஸிஸ். 2017 நவம்பரில் உயர் வகைகளுக்கு 140 குதிரைசக்தியும் ஆறு கியரும். ஆகஸ்ட் 2014 வண்டிக்கும் டிசம்பர் 2014 வண்டிக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். ஆனால் வேறு தலைமுறை.

இடையில் இன்னொன்று. 2015 டிசம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை, 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைத் தலைநகர்ப் பகுதியில் பதிய நீதிமன்றத் தடை இருந்தது. அதற்காகவே 1.99 லிட்டர் எஞ்சின் கொண்ட ஸ்கார்பியோ இங்கே விற்கப்பட்டது. அந்த வண்டியை ஊருக்குக் கொண்டுபோனால், மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பும் ஆண்டைப் பொறுத்ததே. 2016 மே மாதம் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத ஸ்கார்பியோ பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களுக்கும் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலையிலும் கட்டாயமாயின. முன்னால் உட்காரும் மற்றவருக்குக் காற்றுப்பை எல்லா வண்டிகளிலும் 2022 ஜனவரி முதல்தான். அதற்கு முந்தைய வண்டியில் இவை இருக்கின்றனவா என்று வகையைப் பார்த்தே சொல்ல முடியும்.

ஒரு கணக்கு

2025 அக்டோபரில் தென்காசிப் பக்கத்து அன்பர் ஒருவர் என்னை அழைத்தார். 2028 ஏப்ரலில் ஓய்வு. பிறகு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். இரண்டு ஸ்கார்பியோக்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று "2017 மாடல்", ஆறரை லட்சம். மற்றது 2019, எட்டரை லட்சம்.

"ரெண்டு லட்சம் மிச்சம் அண்ணாச்சி. மொத வண்டி பளபளன்னு இருக்கு," என்றார்.

"ஆர்.சி.யைக் காட்டுங்க தம்பி," என்றேன்.

பதிவு ஜனவரி 2017. தயாரிப்பு மார்ச் 2016, எஞ்சின் 1.99 லிட்டர். ஸ்டெப்னியில் 0516. காற்றுப்பை இல்லாத அடிப்படை வகை. மற்ற வண்டி ஜூலை 2019-ல் தயாராகி ஆகஸ்டில் பதிவானது, ஏ.பி.எஸ்., காற்றுப்பை இரண்டும் இருந்தன.

தாளில் எழுதிப் பார்த்தோம். முதல் வண்டிக்குத் தில்லியில் பத்து ஆண்டு முடிவது ஜனவரி 2027. அவர் ஓய்வு பெற இன்னும் பதினைந்து மாதம் இருக்கும். இரண்டாவதற்கு ஆகஸ்ட் 2029. அதற்குள் ஊருக்குப் போய்விடுவார். பதினைந்து ஆண்டுக் கணக்கிலும், முதல் வண்டிக்கு மீதி ஆறேகால் ஆண்டு: ஆண்டுக்கு 1,04,000 ரூபாய். இரண்டாவதற்கு எட்டு ஆண்டு பத்து மாதம்: ஆண்டுக்குச் சுமார் 96,000. விலை கூடியதுதான் மலிவு!

இரண்டுமே பி.எஸ்.4 டீசல் என்பதையும் மறைக்கவில்லை. குளிர்காலத்தில் காற்று மாசுக்கு மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு அறிவிக்கும் நாட்களில் இரண்டும் வீட்டில்தான் நிற்கும். அதையும் ஏற்றுக்கொண்டு இரண்டாவதையே வாங்கினார். அவர் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைகளை ஏத்திக்கிட்டுத் தென்காசி வரைக்கும் போகணும் அண்ணாச்சி. அந்த வண்டியில காத்துப்பையே இல்லைன்னா எப்படி?" என் கணக்கைவிட அந்தக் கேள்விதான் பெரிது.

ஊருக்குக் கொண்டுபோகும்போது

வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும். இங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. அங்கே படிவம் 27. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி மேல் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. சலான் பாக்கி இருந்தால் சான்று கிடைக்காமல் அலைய நேரும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே "மலிவு" என்று சொல்லுங்கள். காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

பெயிண்ட் அடித்தால் பழையதும் பளபளக்கும். கிலோமீட்டர் முள்ளையும் திருப்பிவிடலாம். ஆர்.சி.யில் உள்ள தேதிகளை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. அடுத்த முறை வண்டி பார்க்கப் போகும்போது, பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யைத் திறக்கச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.